மதர்போர்டுக்கு நேரா ஒரு கேள்விக்குறி

உ
சித்தர் சாமி துணை

கருவடிக்குப்பம்,
பிப்ரவரி 8, ஞாயிறு.

என் கண்ணு மதிவாணனுக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, கால் வீக்கம் மட்டும் சாயந்தரமானா வருது, காலையில வத்திடுது. நீ அங்க நல்லா இருக்கேன்னு மாசா மாசம் மூணாந்தேதி பாங்கிலருந்து வர்ற மெசேஜ் தான் எனக்குச் சொல்லுது. இருபத்தஞ்சாயிரம், ஒரு ரூபா கூடவும் இல்ல குறையவும் இல்ல. அப்பா போன அன்னிக்குப் போன்ல நடந்ததுக்கு அப்புறம் பதினோரு மாசமா நமக்குள்ள பேச்சுன்னு இருக்கறது அந்த ஒரு மெசேஜ் தான். நான் போன் பண்ணா நீ எடுக்கறதில்ல, வாட்ஸப்புல எழுதினா ஒத்தை டிக்கோட நின்னுடுது. அதனால தான் இந்தக் காயிதம். விலாசம், அப்பா இருந்தப்ப நீ அனுப்பின தீபாவளிப் பார்சல் மேல ஒட்டியிருந்ததைக் கிழிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். அந்த போலந்து ஊர் பேரு என் வாய்ல நுழையல, ஒவ்வொரு எழுத்தாப் பார்த்துப் புள்ளி வெச்சுக் கோலம் போடற மாதிரி எழுதியிருக்கேன். வேற யார் வீட்டுக்காவது போயிடுமோன்னு பயமா இருக்கு. உன் கைக்கு வந்தா, கிழிச்சுப் போடறதுன்னாலும் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுக் கிழி.

வீட்டுல வேற புதுசா எதுவும் இல்ல. மழைக்கு சமையக்கட்டு மூலையில ஒழுகினதை சிமெண்ட் வெச்சு அடைச்சாச்சு. சாமிக்கண்ணு சித்தப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு தெருவுல பந்தாவா நடக்கறாரு. வியாழக்கிழமை சித்தர் கோயிலுக்குப் போறதை நான் விடல. உனக்குச் சொல்ல வேண்டியது இது எதுவும் இல்ல மதி. நான் ஒரு கம்ப்யூட்டர் செய்யறேன். விளையாடற கம்ப்யூட்டர். உனக்குச் சிரிப்பு வந்தா சிரி, நீ சிரிச்சாலே எனக்குப் போதும், ஆனா நான் நிஜமாத்தான் சொல்றேன்.

எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்றேன். ஐப்பசியில போன் சார்ஜ் ஏறாம போச்சுன்னு சாரம் ஏரியாவுக்குப் போனேன். உன்னோட பாலிடெக்னிக்ல படிச்ச சந்திரகலா, நம்ம அடுத்த சந்துல இருந்தவ, அங்க கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கா இல்ல, அவகிட்டத்தான். அவ கடையில கூட்டம் இல்ல, எதிர்ல பெரிய டிவி மாதிரி ஒண்ணுல துப்பாக்கி வெச்சுக்கிட்டு என்னவோ ஓடிட்டிருந்தது, அவளும் ஆடிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழட்டி வெச்சிட்டு என் போனை வாங்கினா. கழட்டினதும் சத்தம் வெளிய வர ஆரம்பிச்சிடுச்சு. அதுல ஒரு குரல், கலா வலது பக்கம் வரானுங்க, எங்க போய்த் தொலைஞ்சேன்னு திட்டுது. நீ தான் மதி. ஏழு மாசமாக் கேக்காத குரல். உனக்கு ஜலதோஷம் பிடிச்சிருந்தது அன்னிக்கு, மூக்கு அடைச்சுப் பேசினே. நான் அந்த ஸ்டூல்ல அப்படியே உக்காந்துட்டேன். அவ என் முகத்தைப் பார்த்துட்டு, நல்லது நெனச்சுத்தான், மதி, அத்தை இங்க பக்கத்துல இருக்காங்கடான்னு சொல்லிட்டா. அப்புறம் உன் பேருக்குப் பக்கத்துல எரிஞ்சிட்டிருந்த பச்சைப் புள்ளி அணைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவளையும் நீ உன் லிஸ்ட்லருந்து எடுத்துட்டேன்னு சொன்னா. அவ மேல கோவப்படாதே, தப்பு என்னோடது, நான் அங்க போய் நின்னதால வந்தது.

சந்திரகலா தான் சொன்னா, வேற பேர்ல ஒரு ஐடி போட்டுத் தரேன் அத்தை, என் மிஷின்லருந்தே போங்க, அவன் கூட ஆடுங்க, கொஞ்சம் பழகினதும் நான் தான்டா அம்மான்னு சொல்லிடுங்கன்னு. எனக்கு ஆசையாத்தான் இருந்தது, பொய் சொல்லல. ரெண்டு நாள் அதையே யோசிச்சேன். ஆனா மறைஞ்சு நின்னு பெத்த புள்ளையைப் பிடிக்கறது திருடற மாதிரி இருக்கு, சாமி முன்னாடி நிக்க முடியாது. வந்தா என் சொந்த மிஷின்ல, என் சொந்தப் பேர்ல, உனக்கு முன்னாடியே சொல்லிட்டுத்தான் வருவேன்னு முடிவு பண்ணேன். அதுக்குத்தான் இந்தக் காயிதம்.

மிஷின்னா என்னென்ன வாங்கணும்னு எனக்கு எப்படித் தெரியும். அப்பாவோட மில் கார்டு தேடி பரண்லருந்து பழைய கணக்கு நோட்டுங்களை இறக்கினேன். நீ பதினொண்ணாவது படிச்ச வருஷத்து நோட்டு, அதுல கடைசிப் பக்கத்துல உன் கையெழுத்து. நீ போட்ட லிஸ்ட். உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ. ப்ராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க்குன்னு ஒண்ணு கீழ ஒண்ணா எழுதி, நேரா விலை போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எனக்குப் புரியணும்னு ஒரு வரி எழுதியிருக்கே. பவர் சப்ளைக்கு நேரா, இதுல மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாதும்மா, இது போனா மத்ததையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்னு. கேபினட்டுக்கு நேரா, அழகு வேணாம் காத்து போனா போதும்னு. கிராபிக்ஸ் கார்டு கடைசியாப் பார்த்துக்கலாம், அதுக்கு இடம் மட்டும் விட்டு வாங்கணும்னு. மதர்போர்டுக்கு நேரா மட்டும் விலையும் இல்ல விளக்கமும் இல்ல, ஒரு கேள்விக்குறி போட்டு விட்டிருக்கே. எல்லாத்துக்கும் கீழ, அம்மா ப்ளீஸ், இதை வாங்கிக் குடுத்தா ரெண்டு வருஷத்துக்கு வேற எதுவுமே கேக்க மாட்டேன்னு எழுதியிருக்கே. அதுக்கும் கீழ என் கையெழுத்து, சிவப்பு மையில, வீண் செலவு. அடிக்கோடு வேற போட்டிருக்கேன். அதே மாசத்துல நாலு பக்கம் முன்னாடி கும்பாபிஷேகத்துக்கு ஐயாயிரத்து ஒண்ணுன்னு நானே எழுதி வெச்சிருக்கேன். அப்பா வாங்கிக் குடுத்துடலாம் கமலான்னு தான் சொன்னாரு. மில் மூடினப்புறம் படகுத்துறையில லைஃப் ஜாக்கெட் மாட்டி விடற வேலைக்கு அப்பத்தான் சேர்ந்திருந்தாரு, நோணாங்குப்பத்துக்கு டெய்லி சைக்கிள்ல போவாரு. நான் தான் வேணாம்னேன்.

அந்த லிஸ்ட்டை வெச்சுத்தான் வாங்கினேன். உன் மூணாங்கிளாஸ் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிக் கத்துக்கிட்டவ நான், இதையும் அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டு எழுதி எழுதிக் கத்துக்கிட்டேன். யூடியூப்ல தமிழ்லயே சொல்லித் தராங்க, ஆனா ஒருத்தன் வாங்குன்னு சொல்றதை இன்னொருத்தன் குப்பைங்கறான். பெரிய கார்டு வாங்கி சின்ன ப்ராசஸர் போட்டா பிரயோஜனம் இல்லன்னு சொன்னதை உடனே புரிஞ்சிக்கிட்டேன், பத்து படி அரிசிக்குப் பாத்திரம் வாங்கிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல வெச்ச மாதிரின்னு நான் சொன்னதுக்கு சந்திரகலா விழுந்து விழுந்து சிரிச்சா. நீ லிஸ்ட் போட்ட காலத்துல நாலு ஜிபி ராம்னு எழுதியிருக்கே, இப்ப பதினாறு இல்லாம எதுவும் ஓடாதாம், அதுவும் ராம் விலை இந்த நாலு மாசத்துல தங்கம் மாதிரி ஏறிப் போச்சு, ஒண்ணுக்கு ஏழாயிரத்து எண்ணூறு குடுத்தேன். பவர் சப்ளையில நீ சொன்னபடி மிச்சம் பிடிக்கல, கடைக்காரர் குறைஞ்ச விலையில ஒண்ணு எடுத்து நீட்டினாரு, என் பையன் வேணாம்னு சொல்லியிருக்கான்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லும்போது நீ என் பக்கத்துல நிக்கற மாதிரி இருந்தது. கீபோர்டும் ஹெட்போனும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழசு வாங்கினேன், டெட்டால் போட்டுத் துடைச்சு வெச்சிருக்கேன். நீ அனுப்பற பணத்துல ஒரு பைசா தொடல, அது போஸ்டாபீஸ்ல உன் பேர்ல இருக்கு. இது நானும் அப்பாவும் காசிக்குப் போக சேர்த்து வெச்ச எழுபதாயிரம். அவரு இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்ணப் போறேன்.

இப்ப நான் பண்ணின காரியத்தைச் சொல்றேன், திட்டு. போன வெள்ளிக்கிழமை, தை வெள்ளி, எல்லா சாமானும் வந்து சேர்ந்துடுச்சு. சந்திரகலா மறுநாள் வந்து மாட்டித் தரேன்னு சொல்லியிருந்தா. புதுசா எது வந்தாலும், வாளியா இருந்தாலும் மிக்ஸியா இருந்தாலும், பொட்டு வெச்சு சாமி முன்னாடி வெக்காம நான் புழங்கினதில்லன்னு உனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா பெட்டியிலருந்து எடுத்து வரிசையா வெச்சேன். மத்ததுக்கெல்லாம் மேலயே பொட்டு வெச்சிட்டேன். மதர்போர்டுக்கு எங்க வெக்கறதுன்னு தெரியல. நடுவுல கறுப்பு மூடி போட்ட ஒரு சதுரம் இருந்தது. தூக்கினா உள்ள பொன்னு கலர்ல பொடிப்பொடியா ஆயிரம் புள்ளி, வரிசை தப்பாம, அவ்வளவு அழகா இருந்தது மதி. கர்ப்பகிரகம் மாதிரி இருந்தது. அதுக்குத்தான் வெக்கணும்னு தோணுச்சு. சந்தனத்தைக் குழைச்சு மோதிர விரலால அழுத்தி நடுவுல வெச்சு, அது மேல குங்குமம் வெச்சேன். என் புள்ளை இதுல பேசணும்னு வேண்டிக்கிட்டேன்.

சனிக்கிழமை சந்திரகலா வந்து மூடியைத் தூக்கினா. பையிலருந்து லென்ஸ் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்க்காம, மெதுவா சொன்னா, அத்தை, இது புள்ளி இல்ல அத்தை, எல்லாம் ஊசி. முடியை விட மெல்லிசா வளைஞ்சு நிக்கற ஊசி, அது மேல தான் ப்ராசஸர் உக்காருமாம். என் விரல் பட்டு நடுவுல இருந்ததெல்லாம் படுத்துப் போச்சு, சந்தனம் உள்ள இறங்கிடுச்சு. அவ ஊசியும் ஸ்பிரிட்டும் வெச்சு மத்தியானம் வரைக்கும் நிமித்திப் பார்த்தா, ரெண்டு ஒடிஞ்சே போச்சு. கைபட்டதுக்கு வாரண்டி கிடையாதாம். ஏழாயிரத்து இருநூறு போச்சு. அவ போனப்புறம் நான் சாமி ரூம்ல உக்காந்தேன், அழல, சாமியைப் பார்க்கவும் இல்ல. நீ கேள்விக்குறி போட்டு விட்ட ஒரே சாமான் அது, உன்னைக் கேக்காம நானா வாங்கினதும் அது ஒண்ணு தான், அதைத்தான் என் கையால அழிச்சேன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

அப்பத்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சது, அதைச் சொல்றதுக்குத்தான் இத்தனை பக்கம் சுத்தி வந்திருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதினியே, நீ ரெண்டு வருஷம் இல்ல, அதுக்கப்புறம் எப்பவுமே எதுவுமே கேக்கல. சட்டை கேக்கல, வண்டி கேக்கல, வெளிநாடு போகும்போது கூட நீயே பார்த்துக்கிட்டே. போன பங்குனியில தான் கேட்டே. ஏர்போர்ட்லருந்து போன் பண்ணி, டிக்கெட் எடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுவேன், அப்பாவை ஒரே ஒரு நாள் வெச்சிரும்மான்னு கேட்டே. அப்பா வெள்ளிக்கிழமை விடியக்காலையில போனாரு. சனிக்கிழமை பொணம் வீட்டுல இருக்கக் கூடாது, அன்னிக்கே எடுத்துடணும்னு பெரியவங்க எல்லாரும் சுத்தி நின்னு சொன்னாங்க. ஆனா முடிவு சொல்ல வேண்டியவ நான். சித்தப்பா கூட, ஐஸ் பெட்டி சொல்லட்டுமா அண்ணின்னு என்னைத்தான் கேட்டாரு. சாஸ்திரம் மீறினா உனக்குத்தான் கெடுதல் வரும்னு பயந்தேன், அதைச் சொல்லியிருக்கலாம். போன் ஸ்பீக்கர்ல இருந்தது, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கு. வர்றவன் முன்னாடியே வந்திருக்கணும், நீ அங்கயே விளையாடிட்டு இருன்னு சொன்னேன். அந்த ஏர்போர்ட்ல யாரோ ஒரு பொம்பளை மைக்ல என்னவோ சொல்ற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தது, அப்புறம் அதுவும் நின்னு போச்சு. சாயந்தரம் சித்தப்பா பையன் கொள்ளி வெச்சான். நீ அந்த ஏர்போர்ட்லருந்து திரும்பி எப்படி வீட்டுக்குப் போனே, வழியில சாப்பிட்டியா, யார்கிட்டயாவது சொல்லி அழுதியா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. நீ என்கிட்ட வாழ்க்கையில ரெண்டே ரெண்டு தான் கேட்டே மதி. ரெண்டுக்கும் நான் இல்லன்னு சொல்லிட்டேன். அப்பாவை இனிமே வெச்சிருக்க முடியாது. கம்ப்யூட்டர் ஒண்ணு தான் இப்ப என் கையில இருக்கு, அதைத்தான் செய்யறேன். இதைச் செஞ்சா அது சரியாப் போயிடும்னு நான் நினைக்கல.

மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரல, கை மட்டும் எழுதுது. மன்னிச்சிடு கண்ணு.

விஷயத்துக்கு வரேன். இப்ப மதர்போர்டு திரும்ப வாங்கணும். ரெண்டு இருக்கு. ஒண்ணு ஆறாயிரத்து நானூறு, சின்னது, ராம் சொருக ரெண்டு இடம் தான், நமக்கு இது தாராளம்னு சந்திரகலா சொல்றா. இன்னொண்ணு எட்டாயிரத்துத் தொள்ளாயிரம், நாலு இடம் இருக்கு, வொய்ஃபை உள்ளயே இருக்கு, பின்னாடி பெருசு பண்ணிக்கலாம்னு கடைக்காரர் சொல்றாரு. காசிப் பணத்துல மிச்சம் இருக்கறது சரியா எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் தான், வேணும்னு வெச்ச மாதிரி. ரெண்டுல எதுன்னு நான் முடிவு பண்ண மாட்டேன். பழைய நோட்டுல அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கு, அதுக்கு நேரா நீ தான் சொல்லணும். நீ சொல்ற வரைக்கும் மத்த சாமானெல்லாம் பெட்டியோட உன் கட்டில் மேலயே இருக்கும், எறும்பு வராம சாக்பீஸ் போட்டு வெச்சிருக்கேன்.

நீ என்கூடப் பேச வேணாம். உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பேசு, தோணலன்னா விடு. மார்ச் மூணாந்தேதி பணம் அனுப்புவே இல்ல, அப்ப மட்டும் சின்ன போர்டுன்னா ஒரு ரூபா சேர்த்து அனுப்பு, இருபத்தஞ்சாயிரத்து ஒண்ணு. பெருசுன்னா ரெண்டு ரூபா. நான் புரிஞ்சிக்குவேன். அதுக்கு மேல ஒரு எழுத்து கூட நீ எழுத வேணாம். மூணாந்தேதி காலையிலருந்து போனைக் கையிலயே வெச்சிருப்பேன். எப்பவும் போல வெறும் இருபத்தஞ்சாயிரம் வந்தா, காயிதம் இன்னும் வந்து சேரலன்னு நெனச்சிக்கிட்டு ஏப்ரல் மூணு வரைக்கும் இருப்பேன், அதுக்கப்புறம் மே மூணு வரைக்கும் இருப்பேன்.

பங்குனி கடைசியில அப்பாவுக்கு முதல் வருஷ திதி வருது. யார் கொடுக்கறதுன்னு ஐயரு கேட்டாரு. பையன் இருக்கான்னு மட்டும் சொல்லியிருக்கேன், வருவான்னு சொல்லல. நீ அங்க இருந்தே ஒரு டம்ளர் தண்ணி எடுத்து வெச்சு அப்பான்னு கூப்பிட்டாலும் போதும், அவரு கோவக்காரர் இல்ல. குளிர்ல காதை மூடிக்கோ. விளையாடும்போது நேரத்துக்கு எழுந்து சாப்பிடு, குனிஞ்சே உக்காராதே, உனக்கு அப்பா மாதிரி கழுத்து வலி வரும். உன்னை விளையாட வேணாம்னு இனிமே ஒரு நாளும் சொல்ல மாட்டேன். சந்திரகலா அவ மிஷின்ல எனக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தா, நாலு எழுத்தை அமுக்கினா நடக்குது, நான் ஒரு சுவத்துக்கு நேரா போய் முட்டிக்கிட்டு அங்கயே நின்னேன், திரும்பத் தெரியல. நீ இருந்தா திருப்பி விட்டிருப்பே.

சித்தர் சாமியும் உங்க அப்பாவும் உன்னைக் கூடவே இருந்து காப்பாத்தட்டும். நீண்ட ஆயுசோட, நோய் நொடி இல்லாம, யார்கிட்டயும் கை கட்டி நிக்காம நல்லா இரு. விபூதி மடிச்சு வெச்சிருக்கேன், பூசிக்கோ, பூச மனசில்லன்னா மேசையில வெச்சுக்கோ.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலவேணி குமாரவேல்

மறக்காதே. சின்னதுக்கு ஒரு ரூபா, பெருசுக்கு ரெண்டு ரூபா. விளையாட்டுல நான் போட்டுக்கப் போற பேரும் சொல்லிடறேன், அம்மான்னு தான் போடப் போறேன். அந்தப் பேரைப் பார்த்து உனக்குப் பச்சைப் புள்ளியை அணைச்சிடத் தோணுச்சுன்னா அணைச்சிடு, நான் அந்த சுவத்துக்கிட்டயே நின்னுக்கிட்டு இருப்பேன்.